புகைக்காத அண்ணனுக்கு எம்பைசீமா எப்படி?

வரலாம், நுரையீரலின் காற்றறைகள் சிதையும் இந்த நோய், சிகரெட்டே தொடாத உங்கள் 41 வயது அண்ணனுக்கும். கிருமியைத் தாக்க நியூட்ரோபில் என்ற ரத்த வெள்ளை அணுக்கள் விடும் எலாஸ்டேஸ் நொதி, நுரையீரலின் மீள்நார்களையும் அரிக்கும். அதற்குக் கடிவாளம், கல்லீரலில் உருவாகும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம். பிறவியிலேயே அது குறைந்தால் காற்றறைச் சுவர்கள் சிதைந்து, தொய்ந்த பலூன் போல மூச்சு வெளியேறாமல் உள்ளேயே தேங்கும். 1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் குறையைத்தான் கண்டறிந்தார்கள்.

சிடி ஸ்கேன் அறிக்கையைப் பாருங்கள். சேதம் கீழ்ப்பகுதியில் அதிகம் என்றால் சந்தேகம் வலுக்கும். எப்படியானாலும் இந்தப் புரத அளவுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். காய்ச்சல், நெஞ்சுச்சளி இருக்கும்போது வேண்டாம். அப்போது அளவு ஏறி, குறையை மறைத்துவிடும்.

அப்புறம், இது அரிய குறைபாடு; காரணம் வேறாகவும் இருக்கலாம். விறகடுப்புப் புகை, பழைய காசநோய் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.