ஜிம்மி ஏன் கதவைக் குதறுகிறான்?

கேள்வி: எங்கள் நாய் ஜிம்மிக்கு நான்கு வயது. நாட்டு நாய்தான், குட்டியிலிருந்து வளர்க்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால் திரும்ப ஏழாகிவிடும். அம்மா தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து, அதாவது பிப்ரவரியிலிருந்து, இவன் அட்டகாசம் தாங்கவில்லை. வாசல் கதவின் உள்பக்கத்தைச் சிராய் சிராயாகப் பெயர்த்துவிட்டான். ஹாலெல்லாம் சிறுநீர். பகல் முழுக்க ஊளை என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். செய்த தப்பு அவனுக்கே தெரிகிறது. என் வண்டிச் சத்தம் கேட்டாலே காதை மடக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். எங்களைப் பழிவாங்குகிறானா? தெரிந்தவர் தோப்பில் விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி.
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: பழிவாங்குவதெல்லாம் மனிதர்கள் செய்கிற காரியம். அதை ஜிம்மி தலையில் கட்டாதீர்கள்.

உங்கள் மூன்று பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்தில் கதவு என்ன மரம், ஆசாரி என்ன கூலி கேட்டார், பக்கத்து வீட்டார் என்ன பேசினார்கள் என்று எல்லாம் விவரமாக இருக்கிறது. அம்மாவைப் பற்றி இருப்பது அரை வரி. அதுவும் தேதி சொல்வதற்காக. எனக்கு வருகிற நாய்க் கடிதங்கள் பலவும் இப்படித்தான். வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்திருப்பார், அல்லது பெண் கல்யாணமாகிப் போயிருப்பாள். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, நாய்க்கு என்ன வியாதி என்று கேட்பார்கள்.

நான்கு வருஷமாகப் பகலில் ஜிம்மியோடு இருந்தது யார்? மத்தியானம் அவனுக்குச் சோறு பிசைந்து வைத்தது யார்? அம்மா கண்ணயரும்போது அவன் எங்கே படுத்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது, நீங்கள் ஆபீசில் இருந்தீர்கள். திடீரென்று ஒரு நாள் அந்த மனுஷி இல்லை. பத்தரை மணி நேரம் பூட்டிய வீடு. அவர் எங்கே போனார், வருவாரா என்று அவனுக்கு யார் சொல்வது?

கதவைக் கொஞ்சம் கவனியுங்கள். பொழுது போகாத நாய் செருப்பைக் கடிக்கும், தலையணையைக் கிழிக்கும், வாய்க்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் போடும். தனியாக விடப்பட்ட பயத்தில் இருக்கிற நாய் பெரும்பாலும் வெளியே போகிற வழியைத்தான் குதறும்: வாசல் கதவு, ஜன்னல். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தாலும் விடாது. ஊளையும் சிறுநீரும் அதே பயத்தின் மற்ற அடையாளங்கள். சந்தேகமிருந்தால் பழைய செல்போன் ஒன்றை ஹாலில் வைத்து வீடியோ எடுங்கள். நீங்கள் கிளம்பிய அரை மணிக்குள்ளேயே மூச்சிரைக்க நடப்பதும் எச்சில் வடிப்பதும் தெரிந்தால் விஷயம் உறுதி. கூண்டில் அடையுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வான்.

அப்புறம் அந்தக் 'குற்ற உணர்ச்சி'. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற ஆய்வாளர் நியூயார்க்கில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு அதன் சொந்தக்காரர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்று சில சமயம் அவரிடம் பொய்யாகச் சொல்வார்கள். அவர் திட்டுவார். தின்ற நாய், தின்னாத நாய் என்ற வித்தியாசமே இல்லாமல், திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முகத்தைக் காட்டின. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாகக் காட்டின. காதை மடக்குவதும் ஒளிவதும் 'அடிக்காதே' என்கிற கெஞ்சல். காலை ஒன்பது மணிக்குக் குதறிய கதவுக்கு மாலை ஏழு மணிக்கு விழுகிற அடியை ஜிம்மியால் முடிச்சுப் போட முடியாது. வண்டிச் சத்தம் வந்தால் அடி விழும், அவ்வளவுதான் அவன் கற்றுக்கொண்டது. நீங்கள் போனாலும் பயம், வந்தாலும் பயம். அடித்ததற்கு வெட்கப்படுங்கள்.

இனி அம்மா. அவர் ஏன் போனார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் மகன் வீட்டை விட்டு ஒரு தாய் கிளம்பி மாதக்கணக்காகியும் திரும்பவில்லை என்றால் அது தேதி குறிக்கிற சமாச்சாரம் இல்லை. கதவுக்கு ஆசாரியைக் கூப்பிட்டு விசாரித்த ஆளுக்கு, அம்மாவிடம் ஒரு வார்த்தை விசாரிக்கத் தெரியாதா? பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பெண் பிள்ளைக்கும் உண்டுதான். ஆனால் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாளா, இல்லை நீங்கள் தள்ளிவிட்டீர்களா என்பதில் எனக்கு அக்கறை உண்டு. இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "ஜிம்மி படுத்துகிறான், வந்துவிடுங்கள்" என்று அம்மாவைக் கூப்பிடாதீர்கள். நாய்க்குக் காவலாக அழைத்தால் அவர் வராமலிருப்பதே நல்லது.

ஜிம்மிக்குச் செய்ய வேண்டியது இது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று இல்லை என்று தெரிய வேண்டும். பயம் முற்றியிருந்தால் ஃபுளூவாக்ஸெடின் மாதிரி மாத்திரை தருவார், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். பழக்கமும் கூடவே நடக்க வேண்டும். சாவியை எடுங்கள், எங்கேயும் போகாமல் உட்காருங்கள். கதவைத் திறந்து அவன் பதறுவதற்குள் உள்ளே வாருங்கள். சில நொடி, ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று அவன் தாங்குகிற அளவுக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கிற வேலை. அதுவரை பகலில் அவனோடு ஆள் இருந்தாக வேண்டும், சம்பளத்துக்காவது வையுங்கள். துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் சரியாகும் என்பது பெரும்பாலும் பலிக்காது.

தோப்பு யோசனையை இன்றே விடுங்கள். அங்கே கட்டிப்போட்டாலும் ஊளைதான். கவனிக்க ஆளில்லாமல் விட்டுவிட்டு வந்தால், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் வாருங்கள், போனில் வேண்டாம். ஜிம்மியோடு மனைவி வீட்டில் இருக்கட்டும். அம்மா மனம் விட்டுப் பேசவும் அதுதான் வசதி.