இல்லாத டிஃபரன்ஷியலை எப்படி மாற்றுவது?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறேன். உர மூட்டை ஏற்றிப் போக செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் ஏ.டி.வி. (காடுமேட்டில் ஓட்டுகிற, ஹேண்டில் வைத்த வண்டி) வாங்கினேன். கைப்பிடியில் 2 (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்), 4 (நான்கும் இழுக்கும்), 4 லாக் என மூன்று நிலை ஸ்விட்ச் இருக்கிறது. தோட்டத்துக்குள் போட்ட தார் ரோட்டில் திருப்பினால் பின் டயர் கீச்சிடுகிறது. ஹேண்டிலை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. மழைச் சேற்றில் 4-ல் போட்டால் பின்னால் இரண்டு சக்கரமும் சுற்றுகின்றன, முன்னால் ஒன்று மட்டும்தான். லாக்கில் போட்டாலும் அதே கதை. "முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் போச்சு, ரெண்டையும் மாத்தணும்" என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் ஸ்விட்ச், சொல்லும் அறிகுறி இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டியில் பின்பக்கம் டிஃபரன்ஷியலே (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. இல்லாத சாமான் எப்படிப் போகும்?

மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு அசையாது, சக்கரங்கள் இரண்டும் கடையாணிக்கு இந்தப் பக்கம் தனித்தனியாகச் சுழலும். திரும்பும்போது ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போனால் யாருக்கும் நஷ்டமில்லை, இழுப்பது மாடுதானே. எஞ்சின் வண்டியில் சக்கரமேதான் வண்டியைத் தள்ள வேண்டும். அதனால் அதை அச்சோடு பிணைத்தாக வேண்டும். பிணைத்தால் வளைவில் தகராறு. பின் டயர்களுக்கு இடையே நடுவுக்கு நடு 95 செ.மீ. என்று வையுங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 3 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு அகலமா, குறுகலா என்பது பொருட்டே இல்லை. வண்டி வந்த திசைக்கே முகம் திருப்பினால் அந்த 3 மீட்டர் கணக்கு தீர்ந்தாக வேண்டும்.

காரில் அதைத் தீர்ப்பதுதான் டிஃபரன்ஷியல். ஏ.டி.வி.யில் பெரும்பாலும் தீர்ப்பதில்லை, மண்ணின் தலையில் கட்டிவிடுகிறார்கள். 1970-ல் ஹோண்டா அமெரிக்காவில் இறக்கிய மூன்று சக்கர வண்டியிலேயே பின் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவைதான். பல நான்கு சக்கர வண்டிகளுக்கும் அந்த வழக்கம் வந்துவிட்டது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை, அதனால்தான் கீச்சு. அதனால்தான் நேராகப் போகிறேன் என்ற அடமும். இது கோளாறல்ல, சுபாவம். சேற்றில் பின்னால் இரண்டும் ஒன்றாகச் சுற்றியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவே சாட்சி.

உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலிலும் ஸ்விட்சை 2-லும் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் கூடவே சுற்றினால் பின்னால் டிஃபரன்ஷியல் இல்லை.

இனி முன்பக்கம். உங்கள் வண்டியில் அங்கே டிஃபரன்ஷியல் உண்டு. இல்லாவிட்டால் 4-ல் ஹேண்டிலைத் திருப்புவது பெரும்பாடு. ஆனால் அதைப் பற்றி ஒர்க்‌ஷாப்களில் ஒரு தப்பான பேச்சு உண்டு: "பவர் எல்லாம் சுற்றுகிற சக்கரத்துக்கே போயிடுது." சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். சேற்றில் நிற்கும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். சேற்றுச் சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லையென்றால் பாறைச் சக்கரத்துக்கும் பட்டினி.

உங்களைப் போன்ற மூன்று நிலை வண்டிகளில் (யமஹா கிரிஸ்லி, சுசுகி கிங்க்வாட் இந்த வகை) நடு நிலையில் லிமிடெட் ஸ்லிப் என்ற உதவி கொஞ்சம் உண்டு. பிடிப்பில்லாத பக்கம் தாங்குவதைப்போலச் சில மடங்கை மறுபக்கத்துக்குத் தள்ளும். ஆனால் பூஜ்ஜியத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். ஒரு சக்கரம் அந்தரத்திலோ குழம்புச் சேற்றிலோ இருந்தால் நடு நிலை கைகொடுக்காது. அதற்குத்தான் லாக். டிராக்டரில் டிஃப் லாக் மிதியைக் குதிகாலால் அழுத்துவார்களே, அதே வேலை: இரு பக்கத்தையும் பல் மாட்டி ஒன்றாக்கிவிடுவது.

ஆக, நீங்கள் எழுதியதில் உண்மையான கோளாறு ஒன்றே ஒன்றுதான்: லாக்கில் போட்டும் லாக் ஆகவில்லை. அதைக் கையாலேயே சோதிக்கலாம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நீட்ட வேண்டாம். நியூட்ரல், சாவி ஆன், எஞ்சின் ஆஃப். ஸ்விட்ச் 4-ல் இருக்கும்போது இடது சக்கரத்தைச் சுற்றினால் வலது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், கொஞ்சம் இறுக்கமாக. அப்படிச் சுற்றினால் உள்ளே பற்சக்கரங்கள் நலம். பிறகு லாக்குக்கு மாற்றுங்கள். முன் டிஃபரன்ஷியல் பக்கம் காதை வைத்தால் லாக்கை மாட்டும் சின்ன மோட்டார் (சர்வோ) 'விர்ர்' என ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பல்லுக்குப் பல் நேர் வந்தால்தான் மாட்டும். மாட்டியதும் இரண்டு சக்கரமும் சிறிய ஆட்டத்துக்கு மேல் அசையக் கூடாது. அப்போதும் எதிரெதிராகச் சுற்றினால் லாக் விழவில்லை.

மோட்டார் சத்தமே இல்லையா? ஃபியூஸ், ஸ்விட்சுக்குள் பச்சை பூத்த கான்டாக்ட், அந்த சர்வோ மோட்டாருக்குப் போகும் கப்ளர் (ஒயர் இணைப்பு), இந்த வரிசையில் பாருங்கள். ஓடை கடக்கும் வண்டிகளில் கப்ளருக்குள் தண்ணீர் போவதும் சர்வோவுக்குள் துரு ஏறுவதும் சகஜம். சர்வோ வெளியே சில போல்ட்டில் நிற்கிற சாமான். அதற்காக டிஃபரன்ஷியல் ஹவுசிங்கை (கூட்டை)ப் பிரிப்பது, பல்புக்கு ஒயர் விட்டதற்கு வீட்டை இடிப்பது மாதிரி.

லாக் சரியான பிறகு ஒரு எச்சரிக்கை: நேர்ப் பாதையில், மெதுவாக, மாட்டிக்கொண்ட அந்தச் சில மீட்டருக்கு மட்டும். திருப்பத்தில் போட்டால் ஹேண்டில் கல்லாகும். சாதா 4-ஐயும் தாரில் போடாதீர்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டம் போடுகின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த இறுக்கமெல்லாம் ஷாஃப்டில் ஏறும்.

பக்கத்துத் தோட்டத்தில் போலாரிஸ் வைத்திருப்பவர் "எனக்கு லாக் ஸ்விட்சே இல்லை, தானா இழுக்குது" என்பார். அவர் சொல்வதும் உண்மை, உங்களுக்குப் பொருந்தாது. அதில் முன்னால் இருப்பது உருளைகள் வைத்த ஒருவழி கிளட்ச். பின் சக்கரம் வழுக்கும்போதுதான் உருளைகள் இறுகி, முன் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். அதற்கென்றே தனி ஆயில் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களுக்கு (கிரவுனுக்கு) ஊற்றும் 90 ஆயிலை ஊற்றினால் உருளைகள் ஒட்டிக்கொண்டு சண்டித்தனம் செய்யும். ஒருவழி என்பதால் இறக்கத்தில் முன் சக்கரத்துக்கு எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது, அதற்குத் தனி வசதி உள்ள மாடல்களைத் தவிர. உங்கள் வண்டியில் 4-ல் போட்டு, கியரை லோவில் வைத்தால் நான்கு சக்கரமும் பிடித்து இறங்கும். மூட்டையோடு செங்குத்தில் இறங்குபவருக்கு இது பெரிய விஷயம். ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போதும் லோதான். ஹையில் ஊர்ந்தால் எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட் வழுக்கிச் சூடாகி, கருகிய ரப்பர் வாசனை வரும்.

டயரைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் நான்கும் நான்கு விதமாக இருப்பதுண்டு. முன்-பின் அளவு கம்பெனி சொன்னபடி இல்லாவிட்டால் 4-ல் எப்போதும் இழுபறிதான். காற்று பெரும்பாலான மாடல்களில் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். பஞ்சர் கடையில் கார் கணக்குக்கு 28 பிடித்து அனுப்பிவிடுவார்கள். டயர் பந்து மாதிரி துள்ளும், சேற்றில் பிடிக்கவே பிடிக்காது. உங்கள் பிரச்சினையில் பாதி இதிலேயே இருக்கலாம்.

கடைசியாக முன் டிஃபரன்ஷியலின் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலைக் கிண்ணத்தில் பிடியுங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மாற்றி, மேலே போகும் பிரீதர் ட்யூப் (உள்ளே காற்று போய்வரும் குழாய்) கழன்றோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் நுனியில் இருக்கும் காந்தத்தில் மாவு போன்ற பொடி ஒட்டியிருந்தால் பயமில்லை. கையில் நெருடும் இரும்புத் துண்டு வந்தாலோ, 4-ல் சக்கரத்தைச் சுற்றும்போது உள்ளே 'கடக்' என்று தாவினாலோ மெக்கானிக்கிடம் பிரிக்கச் சொல்லுங்கள். அப்போதும் முன்பக்கத்தை மட்டும்.