துவக்கு களவு போனால்: ஞாயிறு கேள்வி பதில்

கொழும்பில் துவக்குத் திருத்தும் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவன் நான். என்னுடைய சொந்தத் துவக்கே ஒரு தடவை களவு போய், நான்கு வருடம் கழித்துக் கிடைத்தது. சட்டத்தரணி அல்ல, வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம் போங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வத்தளையிலிருந்து: ஐயா, நேற்று இரவு வீடு உடைத்து அப்பாவின் பன்னிரண்டு போர் அளவு இரட்டைக் குழல் துவக்கைக் கொண்டுபோய்விட்டார்கள். மாரவிலத் தென்னந்தோட்டத்துக்காக எடுத்த லைசன்ஸ், அவர் பேரில்தான் இருக்கிறது. அவர் வைத்தியத்துக்குச் சென்னை போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார். அவர் வந்த பிறகு முறைப்பாடு செய்யலாமா?

இதை வாசித்து முடிக்காமலே எழும்பிப் போங்கள். அப்பா வரும்வரை பொறுக்க வேண்டாம். வீட்டில் இருந்தவர் நீங்கள், களவைக் கண்டவரும் நீங்கள். முறைப்பாடு கொடுக்க அது போதும். அவர் வந்த பிறகு தன் வாக்குமூலத்தைத் தனியாகக் கொடுக்கட்டும்.

அலுமாரியைத் தொடாதீர்கள். கதவுப் பிடியைத் துடைத்து, சாமான்களை அடுக்கி வைக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. கைரேகை எடுக்க வருகிறவர்களுக்கு அதன் பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது.

உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் மூன்று விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: துவக்கின் இலக்கம், எத்தனை ரவைகள் போயின, கடைசியாக நீங்கள் அதைக் கண்ட நேரம். ரவைகளைச் சொல்ல மறந்துவிடுவார்கள். இருபது ரவை போனால் இருபது என்று சொல்லுங்கள். வரும்போது முறைப்பாட்டு இலக்கம், பக்கம், திகதி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அதன் பிரதியோடு லைசன்ஸ் தந்த இடத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தோட்டப் பாதுகாப்புக்கு எடுத்ததென்றால் மாவட்டச் செயலகம், தற்பாதுகாப்புக்கு எடுத்ததென்றால் பாதுகாப்பு அமைச்சு.

ஏன் இவ்வளவு அவசரம்? அந்தத் துவக்கால் இன்றிரவு எங்காவது ஒருவரைச் சுட்டால், இலக்கத்தை வைத்து உங்கள் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். வெடி விழுந்த நேரத்துக்கு முன்னால் உங்கள் முறைப்பாடு புத்தகத்தில் இருந்தால் ஒரு கதை, பின்னால் இருந்தால் வேறு கதை. துவக்கு கிடைக்குமோ இல்லையோ, அந்தத் திகதி உங்களுக்குக் கிடைத்தாக வேண்டும்.

தெஹிவளையிலிருந்து: லைசன்ஸும் துவக்கோடு சேர்ந்து போய்விட்டது. இரண்டும் ஒரே அலுமாரியில் இருந்தன. இலக்கம் ஞாபகம் இல்லை. என்ன செய்வது?

துவக்கையும் அதன் கடதாசியையும் ஒரே அலுமாரியில் வைக்காதீர்கள் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். சரி, போனது போகட்டும். லைசன்ஸ் தந்த அலுவலகத்தில் உங்கள் கோப்பு இருக்கிறது. வருடா வருடம் புதுப்பித்திருந்தால் இலக்கம் அதில் பல தடவை எழுதப்பட்டிருக்கும். பழைய வருடங்களின் பத்திரம், வாங்கிய கடையின் பில், திருத்தக் கொடுத்த பட்டறையின் பதிவேடு, இவற்றையும் பாருங்கள். ஆனால் இலக்கம் கிடைக்கும்வரை முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கு முறைப்பாடு, நாளைக்கு இலக்கம். பிறகு சேர்த்து எழுதலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: 2024 நவம்பரில் அரசாங்கம் கேட்டதால் என் கைத்துப்பாக்கியை வெலிசறையில் கடற்படையிடம் ஒப்படைத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை. களவு என்று முறைப்பாடு செய்யலாமா?

இல்லை. பற்றுச்சீட்டோடு பாதுகாப்பு அமைச்சுக்குப் போங்கள்.

மட்டக்குளியிலிருந்து: களவெடுத்தவன் இலக்கத்தை அரத்தால் அராவிவிட்டால் எல்லாம் முடிந்ததா?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நிறையவே எழுதுவேன்.

இலக்கத்தை இரும்பில் எழுதுவதில்லை, அச்சால் அடித்து இறக்குகிறார்கள். அந்த அடி கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு நிற்பதில்லை. அதற்குக் கீழேயும் இரும்பு நசுங்கி இறுகிப்போகிறது. அராவுகிறவன் இலக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுவான். கீழே இறுகிய இரும்பு அப்படியே இருக்கும். அந்த இடத்தை மினுக்கி, செப்புக் குளோரைட்டும் அமிலமும் கலந்த கரைசலைப் பஞ்சில் தோய்த்துத் தடவினால், இறுகிய இரும்பும் இறுகாத இரும்பும் ஒரே மாதிரி அரிபடாது. மெல்ல மெல்ல இலக்கம் மேலே வரும். அதிக நேரம் நிற்காது என்பதால் உடனே படம் எடுத்துக்கொள்வார்கள். ஆழமாக அராவியிருந்தால் இதுவும் சரிவராது. நம் நாட்டில் இந்தச் சோதனைகள் பெலவத்தையில் உள்ள அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் நடக்கின்றன.

அதைவிட, பழைய இங்கிலாந்து இரட்டைக் குழல்களில் இலக்கம் பெரும்பாலும் ஓர் இடத்தில் மட்டுமல்ல, வேறு இடங்களிலும் இருக்கும். என்னுடையது திரும்பி வந்த கதை அதுதான். என் தகப்பனார் வாங்கியது, பர்மிங்ஹாம் சாமான். கிடைத்தபோது குழலை ஒரு முழத்துக்கு வெட்டியிருந்தார்கள், மேலே இருந்த இலக்கத்தை அராவியிருந்தார்கள். நீதிமன்றக் களஞ்சியத்தில் அதைக் கண்டபோது அடையாளமே தெரியவில்லை. பிறகு முன்கைக் கட்டையைக் கழற்றிப் பார்த்தால், குழலின் அடிப்பக்கத்தில் இலக்கம் புத்தம் புதிதாக இருக்கிறது. கட்டையின் கழுத்து வெடித்த இடத்தில் நானே ஆணியடித்து வைத்த பித்தளைத் தகடும் அங்கேயே இருந்தது. அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

அதனால் துவக்கு உங்களிடம் இருக்கும்போதே ஒவ்வொரு இலக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கீறல், தகடு, மாற்றிய திருகாணி, எல்லாவற்றையும். சுட்ட ரவையின் வெற்றுக் கோதையும் எடுத்து வையுங்கள், இரட்டைக் குழல் என்றால் குழலுக்கு ஒன்று. சொட்கன் குழலுக்குள் தடம் பதிக்கிற சுருள் வரி இல்லை, ஆகவே சன்னங்களைப் பார்த்து எந்தத் துவக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் சுடும்போது ஊசி தட்டிய தடம் கோதின் அடியில் விழும். எங்காவது ஒரு கோது பொறுக்கப்பட்டால், உங்களிடம் உள்ள கோதோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கும். இந்தப் படங்களும் கோதுகளும் அதே அலுமாரியில் இருக்கக் கூடாது என்று நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணே, இவ்வளவு சுற்றத் தேவையில்லை. என் மச்சானின் துவக்கு போனபோது அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைப் பிடித்து, அறுபதாயிரம் கொடுத்து, இரண்டு நாளில் வாங்கிவிட்டார். பொலிஸுக்குப் போயிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மச்சான் களவெடுத்தவனுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார். இதைச் செய்யாதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மீண்டும்: சொந்தச் சாமானைக் காசு கொடுத்து வாங்குவது குற்றமா? துவக்கு வீட்டில் இருக்கிறது, அவரும் நிம்மதியாக இருக்கிறார்.

வெள்ளவத்தையிலிருந்து: கொட்டாஞ்சேனைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொலிஸ் கண்டுபிடித்தாலும் வழக்கு முடியும்வரை சான்றுப்பொருள் என்று நீதிமன்றத்தில் துருப்பிடிக்கும். ஐயாவின் துவக்கே நான்கு வருடம் கழித்து வெட்டுப்பட்டுத்தானே வந்தது?

சரி, இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த இரண்டு நாள் துவக்கு எங்கே இருந்தது? மச்சானுக்குத் தெரியுமா? நடுவில் நின்ற ஆளுக்காவது தெரியுமா? அந்த இரண்டு இரவில் அது ஒரு தடவை வெடித்திருந்தால், கோது எங்கோ ஒரு பையில் கட்டப்பட்டு இருக்கிறது, வெடித்த துவக்கு மச்சானின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. முறைப்பாடும் கொடுக்கவில்லை. துவக்கு உங்களை விட்டுப் போகவே இல்லை என்றுதான் கடதாசி சொல்லும். 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள் நடுவே குடைந்த புத்தகத்தில் ரிவோல்வரை ஒளித்துக் கொண்டுவந்து ஒருவரைக் கொன்றதை எல்லோரும் பார்த்தோம். ஆயுதம் கிடைத்தால் முதலில் கேட்கப்படுவது, இது யாருடையது, அவர் கையை விட்டு எப்போது போனது என்பதுதான்.

இனி, முறைப்பாடு கொடுத்த பிறகு இரகசியமாக வாங்கினார் என்று வைப்போம். அது அதைவிட மோசம். களவு போனதாகப் பதிவான துவக்கு கையில் இருக்கும். அடுத்த வருட லைசன்ஸ் எப்படி எடுப்பீர்கள்? ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது துவக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். புதுப்பிக்காவிட்டால் ஜனவரி முதலாம் திகதி அது லைசன்ஸ் இல்லாத துவக்கு.

துருப்பிடிக்கும் என்பது உண்மைதான், வெள்ளவத்தைக்காரரை மறுக்கவில்லை. என்னுடையது துருவோடுதான் வந்தது. ஆனால் களஞ்சியத்தில் கிடக்க விடாமல் கேட்டு எடுக்கவும் வழி இருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 431ஆம் பிரிவின்படி, பொலிஸ் கைப்பற்றிய பொருளை உரியவரிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். சட்டத்தரணி மூலம் கேளுங்கள். கையில் நடப்பு லைசன்ஸ் இருக்க வேண்டும், இலக்கம் பொருந்த வேண்டும். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், அதே துவக்கால் கொலை வழக்கு ஒன்று நடந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மூன்றாம் தடவை: நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

ஆம்.

கொச்சிக்கடையிலிருந்து: எயார் ரைபிள் களவு போனாலும் இவ்வளவும் செய்ய வேண்டுமா?

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான அளவுகோல் இருக்கிறது. 45 அடி தூரத்தில் வைக்கோல் அட்டைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டால், பதினொன்றுக்கு மேல் துளைத்துப் போகிற எந்தக் குழலும் துவக்குதான். உங்களுடையது எத்தனை அட்டை துளைக்கும் என்று வீட்டில் பரிசோதிக்க வேண்டாம். களவு களவுதான், முறைப்பாடு செய்யுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொருவர்: யாழ்ப்பாணத்தில் எங்கள் தாத்தாவின் துவக்கை 1986இல் ஆயுத இயக்கம் எடுத்துக்கொண்டு போனது. லைசன்ஸ் புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து இப்போது ஏதாவது கேட்கலாமா?

துவக்கைக் கேட்க வழியில்லை, மகன். தெற்கிலும் 1971இலும் 1987இலிருந்து 1989 வரையும் கிளர்ச்சிக்காரர் வீடு வீடாகப் போய்த் துவக்குகளைத் தேடி எடுத்தார்கள். அவற்றுக்கும் இதே கதிதான். புத்தகத்தை எறியாதீர்கள். அந்தக் காலத்து மாவட்டக் கச்சேரி அலுவலகத்தின் முத்திரைகளையும் கையெழுத்துகளையும் பார்க்கவே வடிவாக இருக்கும்.

கிருலப்பனையிலிருந்து: அப்பா இறந்து எட்டு மாதம். அவருடைய துவக்கு வீட்டில்தான் இருந்தது, லைசன்ஸ் மாற்றவில்லை. போன கிழமை காணாமல் போனது. முறைப்பாடு செய்தால் எங்களையே பிடிப்பார்கள் என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல. லைசன்ஸ் ஆளுக்குரியது, அப்பாவோடு அது முடிந்துவிட்டது. அப்போதே துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டுப் பிறகு உங்கள் பேரில் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆனாலும் மறைக்காதீர்கள். நாளைக்கே ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போங்கள், இறப்புச் சான்றிதழையும் கடைசி லைசன்ஸையும் எடுத்துப் போங்கள். தாமதமாகச் சொன்னவர் என்ற பேரோடு நிற்பது, சொல்லாதவர் என்ற பேரோடு நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

மருதானையிலிருந்து: பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது.

வாசிக்க முடியாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். மேலே சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, நீங்கள் சொல்கிற மொழியிலேயே எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத அவருக்கு முடியாவிட்டால், நீங்களே எழுதித் தரும்படி உங்களைக் கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். இலக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பிறகு பெரிய தலைவலி, அதை நீங்களே சரிபாருங்கள்.

இரத்மலானையிலிருந்து: லைசன்ஸும் துவக்கும் ஒரே பெட்டியில் வைத்திருந்தேன், இலக்கம்…

இரண்டாவது பதில்.

நுகேகொடையிலிருந்து: இலக்கம் தெரியாவிட்டால் முறைப்பாடு எடுப்பார்களா?

இரண்டாவது பதில். மேலே போய் வாசித்துவிட்டு வாருங்கள்.

கல்கிசையிலிருந்து: யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த பெடியன்தான். நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.

அவனிடம் துவக்கு இருக்கிறது, உங்களிடம் இல்லை. இதை யோசித்துவிட்டு, அவன் பேரைப் பொலிஸில் சொல்லுங்கள். அவன் எடுக்கவில்லை என்றும் தெரிய வரலாம், அப்போது அந்த வீட்டு வாசலில் நீங்கள் நின்ற கதைக்கு யார் பதில் சொல்வது?

வத்தளையிலிருந்து: ஐயா, போய் வந்துவிட்டோம். இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டி வந்தது. இலக்கம், ரவைகள், நேரம் எல்லாம் எழுதினார்கள். கைரேகை எடுக்க வந்து போனார்கள். அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் ஏசினார். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு பத்திரமாக இருக்கிறது, லைசன்ஸோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

எந்த அலுமாரியில்?