சோளகமும் மாரி முகிலும்: பருவகால எதிர்வுகூறலை வைத்து சோலரும் காற்றாலையும் திட்டமிடலாமா?

அக்கராயன் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். பதினைந்து வருடமாக மின் திட்டங்களுக்குக் காற்றையும் வெயிலையும் அளந்து கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. வன்னியின் பல இடங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கண்டாவளை, விவசாயி: அண்ணை, இந்த மாரியில் மழை கூட என்று சொல்லுகினம். அப்படியென்றால் சோலர் பம்ப் வாங்குகிறதை அடுத்த வருடத்துக்குத் தள்ளட்டோ? கடனில்தான் எடுக்க வேணும்.

அந்த அறிவிப்பை மட்டும் நம்பித் தள்ள வேண்டாம். "மழை கூட" என்பது அந்த அறிவிப்பின் சுருக்கம்தான், முழுச் செய்தி அல்ல. கடந்த முப்பது வருட மழையை அளவுப்படி அடுக்கி மூன்று பங்காகப் பிரிப்பார்கள்: குறைந்தது, இயல்பானது, கூடியது. ஒன்றுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு. எதிர்வுகூறல் செய்வது அந்தப் பங்குகளைக் கொஞ்சம் அசைப்பதுதான். உதாரணத்துக்கு, கூடிய மழைக்கு 50 சதவீதம், இயல்புக்கு 30, குறைவுக்கு 20 என்று வந்தாலே வானொலியில் "மழை கூட" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 20 என்பது ஐந்தில் ஒன்று. கடனில் நிற்கும் குடும்பத்துக்கு அது சின்ன எண் இல்லை.

இன்னொன்று, சோலர் தகடு இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும் பொருள். அதை வாங்குவதா இல்லையா என்பதை ஒரு போகத்து மழை தீர்மானிக்கக் கூடாது. உங்கள் கிணற்றில் ஆவணி மாதம் எத்தனை மணித்தியாலம் இறைத்தால் தண்ணீர் வற்றுகிறது, இப்போது மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு போகிறது, இந்த இரண்டையும் எழுதி வைத்துப் பாருங்கள். முடிவு அதிலிருந்து வரட்டும்.

பருவகால எதிர்வுகூறல் உதவுவது வேறு இடத்தில். இந்த முறை மேட்டுநிலப் பயிர் எத்தனை பரப்புப் போடுவது, பழைய பம்பைத் திருத்தி வைப்பதா என்பது போன்ற முடிவுகளுக்கு அது நல்லது. சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) அதைவிட நம்பகமான அறிகுறி உங்கள் கண்முன்னே இருக்கிறது: பங்குனியில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம். மாரி முழுவதும் பெய்த மழையின் கணக்கு அதில் நிற்கிறது. சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று முடிவானதும், கிணற்றை எவ்வளவு நம்ப வேண்டி வரும் என்பது தெரிந்துவிடும்.

மல்லாவி: எல் நினோ வந்தால் வறட்சி என்று இந்தியத் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். நாங்களும் பயப்பட வேணுமா?

இந்தக் குழப்பத்தை எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் இதனால் பிழையான முடிவு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. இந்தியாவில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை. அந்த மழை வன்னிக்குப் பெரிதாக வருவதே இல்லை, எங்களுக்குச் சோளகக் காற்றுத்தான் மிச்சம். எங்கள் குளங்களை நிரப்புவது ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை. எல் நினோ வருடங்களில் அந்த மழை கூடுவதுதான் வழக்கம். அதே எல் நினோ, ஜனவரிக்குப் பிறகு வரும் மழையைக் குறைக்கப் பார்க்கும்.

இதோடு இந்து சமுத்திரத்தையும் பார்க்க வேண்டும். அதன் மேற்குப் பக்கம் சூடாகி கிழக்குப் பக்கம் குளிர்ந்தால் எங்களுக்கு மழை கூடும், எதிர்மாறாக இருந்தால் குறையும். 2016இல் அந்த எதிர்மாறான நிலை மிகக் கடுமையாக இருந்தது, கூடவே பலவீனமான லா நினாவும் சேர்ந்தது. அந்த மாரி பொய்த்து, 2017இல் நாடு பல பத்தாண்டுகளில் காணாத வறட்சியைக் கண்டது. 2023இல் எல் நினோவும் சாதகமான இந்து சமுத்திர நிலையும் ஒன்றாக வந்தன. அந்த மார்கழி வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை: எல் நினோ பற்றி மார்ச் முதல் மே வரை வெளியாகும் எதிர்வுகூறல்கள் மற்ற மாதங்களில் வருவதைவிடப் பலவீனமானவை. பசிபிக் கடல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். சித்திரையில் கேட்டதை வைத்துக் காலபோகத்தை (மாரிகால நெற்செய்கையை) தீர்மானிக்காமல் செப்டெம்பர் வரை பொறுங்கள்.

பூநகரி: எங்கள் பக்கம் காற்றாலை வரும் வரும் என்கிறார்கள். காற்று குறையும் வருடத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா ஐயா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் ஏன் அது முக்கியம் என்பதை முதலில் சொல்கிறேன். காற்றில் உள்ள சக்தி வேகத்தின் கனத்தோடு (வேகம் × வேகம் × வேகம்) போகிறது. செக்கனுக்கு 8 மீற்றராக வீசிய காற்று 7 மீற்றராகக் குறைந்தால், அதில் உள்ள சக்தி மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எதிர்வுகூறலில் வரும் சின்னப் பிழைகூட வருமானத்தில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். (காற்றாலை தன் முழுக் கொள்ளளவை எட்டிய பிறகு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்குமேல் காற்று கூடினாலும் மின்சாரம் கூடாது.)

மன்னார்த் தீவின் தம்பபவனியை எடுங்கள். 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற், 2020 டிசம்பரில் திறந்தது. அதன் நல்ல காலம் சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை. சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று ஓய்ந்துவிடும். வாடைக் காற்றுக்கு மீண்டும் சுற்றும், ஆனால் சோளகம் அளவுக்கு இல்லை. இந்த வருடாந்த ஒழுங்குதான் திட்டத்தின் முதுகெலும்பு. பருவகால எதிர்வுகூறல் அதன்மேல் வரும் சிறிய திருத்தம். பராமரிப்புக்காகக் காற்றாலையை எந்த வாரத்தில் நிறுத்துவது, வேறு மின் நிலையங்களுக்கு எரிபொருள் எவ்வளவு வாங்கி வைப்பது போன்றவற்றுக்கு அந்தத் திருத்தம் உண்மையிலேயே காசு மிச்சம் பிடிக்கும்.

வவுனியா, பொறியியல் மாணவி: அண்ணா, இதற்குத் தரவு எங்கே எடுப்பது?

தங்கச்சி, ஐரோப்பிய வானிலை மையத்தின் (ECMWF) ஈஆர்ஏ5 (ERA5) என்ற கடந்தகால வானிலைத் தரவு 1940இலிருந்து மணித்தியால வாரியாக இலவசமாகக் கிடைக்கும். அவர்களுடைய பருவகால எதிர்வுகூறலும் இலவசம். ஒரே எதிர்வுகூறலை 51 தடவை சற்றே வேறுபட்ட தொடக்கங்களோடு ஓட்டித் தருவார்கள். சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எறிந்துவிட வேண்டாம். அந்த 51உம் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதில்தான் தகவலே இருக்கிறது.

ஆனால் அவர்களுடைய கணினி மாதிரி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும், ஒரு கட்டம் முப்பது கிலோமீற்றருக்கு மேல். மன்னார்த் தீவு முழுவதுமே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும், பாதி கடலாகவே தெரியும். ஆகவே நிலத்தில் ஒரு வருடமாவது அளந்த காற்றோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் எதையும் பயன்படுத்தாதீர்கள். அப்புறம், அந்தக் கணினி மாதிரி கடந்த வருடங்களுக்குச் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய சராசரியைவிட அது நன்றாகச் சொல்லாவிட்டால், சராசரியையே பயன்படுத்துங்கள்.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர் சங்கம்: மீன் குளிரறைக்கு சோலரும் பற்றரியும் போட யோசிக்கிறோம். மாரியில் வெயில் இல்லையே?

2018இல் ஒரு சிறுவர் இல்லத்துக்கு வருடச் சராசரி வெயிலை வைத்துத்தான் பற்றரிக் கணக்குப் போட்டேன். அந்த மார்கழி வெள்ளத்தோடு முகில் தொடர்ந்து மூடியிருந்தது. மூன்று இரவு பிள்ளைகள் இருட்டில் இருந்தார்கள். அது என் பிழை, இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அதற்குப் பிறகு நான் எந்த இடத்துக்கும் மிக மோசமான மாதத்தை வைத்தே கணக்குப் பார்க்கிறேன். மாரியில் நல்ல வெயில் நாளின் கால்வாசிகூட வராத நாட்கள் அடுத்தடுத்து வரும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் பிடிபாடும் குறைவு, குளிரறையின் தேவையும் குறைவு. மீன் நிறையப் படும் மாதங்களில் வெயிலும் நிறைய. ஆகவே பற்றரியை மார்கழிக்காகப் பெருப்பிக்காமல், ஒரு சிறிய ஜெனரேட்டரைத் துணைக்கு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே பெருமழைக் காலத்தின் சாயல் தெரியும் எதிர்வுகூறல்கள் இப்போது உண்டு. அதைப் பார்த்து டீசல் வாங்கி வைக்கலாம். ஒரே இரவில் கொட்டும் 2018 போன்ற மழையை மட்டும் பருவகால எதிர்வுகூறலிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பேசாலை, ஒரு தாய்: காற்றாலை வந்த பிறகு மழை குறைந்துவிட்டது என்கிறார்களே தம்பி, உண்மையா?

இல்லை அம்மா. முப்பது காற்றாலைகளால் மழை மேகத்தை நிறுத்த முடியாது. மேலே சொன்ன பசிபிக், இந்து சமுத்திரம் ஆகிய இரண்டு கடல்களும்தான் எங்கள் மழையைக் கூட்டிக் குறைக்கின்றன. ஆனால் உங்கள் ஊரவர் கேட்கும் மற்றக் கேள்விகள் நியாயமானவை: வீதிக்காக மண்ணை உயர்த்தினால் மழைநீர் எங்கே வடியும், வங்காலைக்கு வரும் வலசைப் பறவைகளுக்கு என்ன நடக்கும்? வங்காலை 2010இல் ராம்சார் இடமாக, அதாவது உலகளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. இந்தக் கேள்விகளுக்குத் திட்டக்காரர்கள் வரைபடத்தோடு வந்து பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

செட்டிகுளம்: 2025 புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். எதிர்வுகூறல் இருந்தால் இப்படி நடக்குமா?

குறையும், முழுதாக நிற்காது. அந்த நாட்களில் வெயில் உச்சம், தொழிற்சாலைகள் மூடியதால் மின் தேவை அடிமட்டம், அதனால் மின்சாரம் மிஞ்சியது. நாளைக்கு எந்த மணிக்கு எவ்வளவு வெயில் என்று மாவட்ட வாரியாகத் தெரிந்தால், எல்லோரையும் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தச் சொல்லாமல் தேவையான மணித்தியாலங்களுக்கு மட்டும் குறைக்கலாம். மிஞ்சுவதைச் சேமிக்கப் பற்றரி வேண்டும். அதை எதிர்வுகூறலால் ஈடுசெய்ய முடியாது.

மாங்குளம்: வெப்பம் கூடினால் சோலருக்கு நல்லதுதானே?

தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. தகட்டின் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். தகடு 60 பாகைக்குச் சூடானால் உற்பத்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். கூரையோடு ஒட்டிப் பூட்டாமல், கீழால் காற்றுப் போக இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்கள்.