கேள்வி – பதில்: ஹாக்வார்ட்ஸுக்குப் புனலூர் வழி

கேள்வி: ஹாரி பாட்டர் படங்களில் நடித்தவர்கள் இருபது வருஷம் கழித்துக் கூடிப் பேசும் ஆவணப்படத்தை மகளோடு பார்த்தேன். பாதியிலேயே கண் கலங்கிவிட்டது. "எதுக்கும்மா அழுற? யாரும் சாகலியே" என்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, புளியரை

பதில்: உங்கள் மகள் எட்டுப் படத்தையும் ஒரே லீவில் பார்த்து முடித்திருப்பாள். நமக்கு அது 2001-இல் தொடங்கி 2011 வரை இழுத்தது. முதல் படம் எடுக்க ஆரம்பித்தபோது ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃபுக்கு வயது 11. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அடுத்த படத்துக்குள் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது, என் அத்தை மகனுக்கும் உடைந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் காலேஜுக்குப் போகும் நாயகர்களைப் பார்த்தே பழகிய நமக்கு, நம்மோடு சேர்ந்து வளர்கிற நடிகர்கள் புதுசு.

நான் அழுதது ஆரம்பத்திலேயே. ஹெர்மயனியாக நடித்த எம்மா வாட்சன், ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளிக்கு ரயில் ஏறும் அந்த ஒன்பதே முக்கால் பிளாட்பாரத்தில் நடந்து வருகிறாரே, எனக்கு அது புனலூர் ஸ்டேஷன்.

அத்தை வீடு புனலூரில். லீவு விட்டால் செங்கோட்டையில் மீட்டர் கேஜ் வண்டி ஏறிவிடுவோம். முன்னால் ஒரு இஞ்சின் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, வண்டி மலையேறும். குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஊளையிடுவோம். தென்மலைக்கு முன்னால், கழுதுருட்டிப் பக்கம் ஒரு கல் பாலம் வரும். மலையாளத்தில் பதிமூணு கண்ணறைப் பாலம் என்பார்கள். படத்தில் ஹாக்வார்ட்ஸ் ரயில் போகிற ஸ்காட்லாந்துப் பாலம், கிளென்ஃபின்னன், 21 கண் உள்ளது. "எட்டு குறைச்சல், அவ்வளவுதான்" என்பான் அத்தை மகன். இரண்டாவது படத்தைப் பார்த்தது அத்தை வீட்டு சிடியில். பறக்கும் காரும் ரயிலும் அந்தப் பாலத்தில் வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு சிடியில் கீறல் விழுந்து, அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பாலத்தின் மேல் போகிறவர்களுக்குப் பாலம் தெரியாது. 2010 செப்டம்பரில் அகலப் பாதைக்காக வண்டியை நிறுத்தினார்கள். அடுத்த ஜூலையில் கடைசிப் படம் வந்தது. அத்தை வீட்டுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகுதான் ரோட்டிலிருந்து பதிமூன்று கண்ணையும் முழுசாகப் பார்த்தேன். மேலே வண்டி இல்லை. 2018-இல் வண்டி திரும்ப வந்தபோது அத்தை மகன் ஷார்ஜாவில் இருந்தான்.

ஆவணப்படத்தில் குறை இல்லாமல் இல்லை. ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வது கொஞ்சம் திகட்டுகிறது. எம்மா வாட்சனின் சின்ன வயசுப் படம் என்று எம்மா ராபர்ட்ஸின் படத்தைப் போட்டுவிட்டு, ரசிகர்கள் பிடித்த பிறகு மாற்றினார்கள். அதையெல்லாம் ஹாக்ரிட்டாக நடித்த ராபி கோல்ட்ரேனுக்காக மன்னிக்கலாம். என் பிள்ளைகள் தலைமுறை தங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படங்களைக் காட்டும், அப்போது நான் இருக்க மாட்டேன், ஹாக்ரிட் இருப்பான் என்கிறார். படம் வந்தது 2022 ஜனவரி 1-இல். அந்த அக்டோபரில் அவர் இறந்துபோனார். "யாரும் சாகலியே" என்ற மகளுக்கு அந்த இடத்தை மறுபடி போட்டுக் காட்டுங்கள்.

நான் பார்த்து முடித்ததும் ஷார்ஜாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: பாலம் ஞாபகம் இருக்கா? ராத்திரி பதில் வந்தது: எட்டு குறைச்சல்.

கேள்வி: கதையை எழுதிய ரௌலிங்கே ஏன் அந்த ஆவணப்படத்துக்கு வரவில்லை?
– ஒரு வாசகர், ஆரியங்காவு

பதில்: 2019-இல் எடுத்த ஒரு பழைய பதிவில் மட்டும் தலைகாட்டுகிறார். கூப்பிட்டார்கள், நான்தான் வேண்டாமென்றேன், அது புத்தகங்களைவிடப் படங்களைப் பற்றியது என்று பின்னால் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்துக்கு வீடியோவில் மட்டும் வந்த மாதிரிதான் இருந்தது எனக்கு.

கேள்வி: 11 வயதில் உங்களுக்கு ஹாக்வார்ட்ஸ் கடிதம் வந்திருந்தால் போயிருப்பீர்களா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வந்ததோ என்னவோ, யார் கண்டது! அந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது ஆந்தை. எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் ஆந்தை வந்து உட்கார்ந்தாலே ஆச்சி வாரியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். ஹாக்வார்ட்ஸ் பிள்ளைகள் மாதிரி அதில் ஏறிப் பறப்பதற்கு அல்ல.