ராணுவ மருத்துவத்தில் உச்சிக்குப் போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள்?

மகள் நீட் எழுதியிருக்கிறாள், புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில், அதாவது ஏ.எஃப்.எம்.சி.யில், சேர்க்க நினைக்கிறோம், அங்கே படித்தால் ஒருநாள் லெப்டினன்ட் ஜெனரல் ஆக முடியுமா, நல்ல சர்ஜனாக இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு, முடியும். இரண்டாவதற்கு, போதாது. அந்தப் 'போதாது' பற்றித்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, குறுகியகால கமிஷனில், அதாவது சில வருடத்துக்கு மட்டுமான அதிகாரி நியமனத்தில், ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, ஐந்து வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். இப்போது சிவிலில் மயக்க மருந்து டாக்டர். மேலே போனவன் அல்ல. ஆனால் என்னோடு லக்னோவில் அடிப்படைப் பயிற்சி எடுத்தவர்களில் சிலர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள், ஒருவர் பிரிகேடியர். ப்ரொமோஷன் போர்டு கூடுகிற வாரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழு எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்பதை வைத்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் அமைப்பு. நம் நாட்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் டாக்டர்கள் ஒரே பொதுக் குளத்திலிருந்துதான் போகிறார்கள். மூன்று படைக்கும் தனித்தனியாக ஒரு மருத்துவ டைரக்டர் ஜெனரல் உண்டு. அவர்களுக்கும் மேலே ஆயுதப்படை மருத்துவச் சேவைகளின் டைரக்டர் ஜெனரல், சுருக்கமாக டி.ஜி.ஏ.எஃப்.எம்.எஸ். இவர் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் பதில் சொல்கிறவர். இந்த நாலு நாற்காலி, அப்புறம் ஏ.எஃப்.எம்.சி. கமாண்டன்ட், இன்னும் சில. மூன்று நட்சத்திர அந்தஸ்துள்ள பதவிகளை, அதாவது தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரல், கடற்படையில் வைஸ் அட்மிரல், விமானப்படையில் ஏர் மார்ஷல் நிலையில் இருப்பவற்றை, விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு மேல் டாக்டருக்குப் படி கிடையாது, எந்த டாக்டரும் இங்கே தரைப்படைத் தளபதி ஆகப்போவதில்லை.

லெப்டினன்ட் கர்னல் வரை பெரிய சிக்கல் இல்லை, காலம் போனால் தோளில் ஏறிவிடும். பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் எல்லாம் தேர்வு வாரியம் பார்த்துக் கொடுப்பது. வாரியம் என்ன பார்க்கிறது? வருடாவருடம் எழுதப்படும் ரகசிய அறிக்கை, செய்த கோர்ஸ்கள், எங்கெங்கே வேலை பார்த்தார் என்பது. வெளியே நாம் நினைப்பதுபோல எத்தனை ஆபரேஷன் செய்தார் என்ற கணக்கு அல்ல.

இதை எனக்குப் புரியவைத்தது என் முதல் போஸ்டிங். மலையில் இருந்த ஒரு காலாட்படைப் பட்டாலியனுக்கு ரெஜிமென்டல் மெடிக்கல் ஆபீசர். எல்லாருக்கும் நான் 'டாக்டர் சாப்'. காலையில் எம்.ஐ. ரூம் என்கிற பரிசோதனை அறையில் சிக் பரேட், அதாவது உடம்பு சரியில்லாதவர்களின் வரிசை, வெடித்த குதிகால், இருமல், வீட்டுக் கவலையை வயிற்றுவலியாகச் சொல்கிற பையன்கள். பெரிய மருத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் மலை ஏறும் படைக்கு உடல் பழகுவதற்கென்று ஒரு கணக்கு உண்டு. 9,000 அடிக்கு மேல் முதல் கட்டத்தில் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நாலு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு நாலு நாள். அவசரப்பட்டு ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முந்தின நாள் வரை கபடி ஆடிக்கொண்டிருந்தவன் ஒரே ராத்திரியில் போய்விடுவான். நீண்ட லீவு முடிந்து திரும்புகிறவனும் முதலிலிருந்து பழக வேண்டும், 'நான் ஏற்கெனவே ஒரு வருடம் மேலே இருந்தவன் சாப்' என்பதெல்லாம் நுரையீரலுக்குத் தெரியாது.

ஒருநாள் மேலே ஒரு போஸ்டில் ஆள் குறைந்துவிட்டது. லீவிலிருந்து வந்த ஏழெட்டுப் பேரை மறுநாள் காலையே ஏற்றிவிடலாம் என்றார் கமாண்டிங் ஆபீசர். அவர்கள் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "முடியாது சார்" என்றேன். அவர் கர்னல், நான் கேப்டன், போதாக்குறைக்கு என்னுடைய ரகசிய அறிக்கையை எழுதப்போகிறவரும் அவரே. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "எழுதிக் கொடு" என்றார். கை நடுங்க எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போகவில்லை, வேறு ஒரு கம்பெனியிலிருந்து பழகின ஆட்களை அனுப்பினார்கள். பல மாதம் கழித்து மெஸ்ஸில் சிரித்துக்கொண்டே சொன்னார், "அன்றைக்கு வாயால் மட்டும் சொல்லியிருந்தால் ஏற்றியிருப்பேன்."

ராணுவ டாக்டரின் கட்டளை செல்லுபடியாவது தன் ஆஸ்பத்திரி வாசல் வரைதான். வாசலைத் தாண்டினால் அவர் ஆலோசகர். பட்டாலியனில் கர்னலுக்குச் சொல்கிறார். டிவிஷனில் ஏ.டி.எம்.எஸ். என்ற பதவியில் இருந்தால் மேஜர் ஜெனரலுக்கு, கோர் தலைமையகத்தில் டி.டி.எம்.எஸ். என்றால் லெப்டினன்ட் ஜெனரலுக்கு, கமாண்டில் மேஜர் ஜெனரல் மெடிக்கல் என்றால் ஆர்மி கமாண்டருக்கு, கடைசியில் டெல்லியில் அமைச்சகத்துக்கு. ஆள் மாறுகிறாரே தவிர வேலை ஒன்றுதான்: உங்களைவிடப் பெரியவர் ஒருவர் அவசரத்தில் இருக்கும்போது, அவர் கேட்க விரும்பாத ஒன்றை, அவர் ஏற்றுக்கொள்கிற மாதிரி, காகிதத்தில் சொல்வது. மேலே போன டாக்டர்களிடம் எனக்குத் தெரிந்து பொதுவாக இருந்தது இது ஒன்றுதான். சர்ஜரியில் தங்கக் கை கொண்ட, ஆனால் ஃபைல் என்றாலே எரிந்து விழுகிற மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், அதில் வருத்தமும் படவில்லை.

ஏனென்றால் அவர்களுக்கும் ஒரு ஏணி இருக்கிறது. முதுநிலைப் படிப்பு முடித்தவர் கிரேடட் ஸ்பெஷலிஸ்ட், பிறகு கிளாசிஃபைட் ஸ்பெஷலிஸ்ட், அப்புறம் சீனியர் அட்வைசர், கன்சல்டன்ட். நோயாளியை விடாமலேயே இதில் ஏறலாம். இன்னொரு ஏணி ஃபீல்ட் ஹாஸ்பிட்டல் தலைமை, நான் மேலே சொன்ன ஏ.டி.எம்.எஸ்., டி.டி.எம்.எஸ்., ராணுவ ஆஸ்பத்திரி கமாண்டன்ட் என்று போவது. பாதி வாழ்க்கை வரை இரண்டு ஏணியும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றில் காலை வைக்கலாம். பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். என் பிரிகேடியர் நண்பன் எலும்பு மூட்டு சர்ஜன், கடைசியாக முட்டி மாற்று அறுவை செய்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

நிஜ ஆட்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்கள் மகளுக்காக என்பதால் பெண்களையே சொல்கிறேன். புனிதா அரோரா மகப்பேறு மருத்துவர், 1968-ல் கமிஷன் பெற்றவர், 2004-ல் ஏ.எஃப்.எம்.சி. கமாண்டன்ட் ஆனபோது இந்திய ஆயுதப் படைகளிலேயே முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல். பிறகு அவரே கடற்படைக்கு மாறி சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார். பொதுக் குளம் என்று சொன்னேனே, அது இதுதான், சீருடை நிறம் மாறும், சீனியாரிட்டி கூடவே வரும். பத்மா பந்தோபாத்யாய் விமான மருத்துவத்தில் தேர்ந்தவர். விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல். இடையில் நம் நீலகிரி வெல்லிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில், சண்டை போடும் அதிகாரிகளோடு உட்கார்ந்து ஸ்டாஃப் கோர்ஸ் முடித்தவர். ஒரு டாக்டர் ஏன் அதைப் படிக்க வேண்டும் என்று தோன்றலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஜெனரல் எந்த மொழியில் யோசிக்கிறார் என்று தெரிந்தால்தானே அவரிடம் 'முடியாது' சொல்ல முடியும்.

மாதுரி கனிட்கர் குழந்தைகள் சிறுநீரக நிபுணர். ஏ.எஃப்.எம்.சி. டீன், 2020-ல் லெப்டினன்ட் ஜெனரல், பிறகு மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர். அவர் கணவரும் லெப்டினன்ட் ஜெனரல்! சாதனா சக்சேனா நாயர் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்து, 2024 ஆகஸ்டில் தரைப்படையின் மருத்துவ டைரக்டர் ஜெனரல் ஆனார், அந்தப் பதவியில் முதல் பெண். அதே வருடம் அக்டோபர் 1-ம் தேதி ஆர்த்தி சரின் டி.ஜி.ஏ.எஃப்.எம்.எஸ். ஆனார், அதிலும் முதல் பெண். ரேடியாலஜி, கதிர்வீச்சுப் புற்றுநோய் சிகிச்சை என்று இரண்டு துறை படித்தவர். மூன்று படைகளின் சீருடையையும் போட்டவர். அவர் கமிஷன் பெற்றது 1985 டிசம்பரில். அதாவது உச்சிக்கு வர கிட்டத்தட்ட 39 வருடம். எத்தனை வருடம் ஆகும் என்ற கேள்வியும் உங்கள் மனதில் இருக்கும், இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர்களில் எவரும் 'நிர்வாகம்தான் என் துறை' என்று தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் முதலில் ஏதோ ஒரு மருத்துவத்தில் பெயர் எடுத்தவர்கள். ஆகவே மகளிடம் இப்போதே ஜெனரல் கனவைத் திணிக்காதீர்கள், அது இருபது வருடம் கழித்து எடுக்க வேண்டிய முடிவு.

அப்புறம் யாரும் சத்தமாகச் சொல்லாத ஒரு விஷயம், பிறந்த தேதி. ஓய்வு வயது நிலையானது, நாற்காலிகளோ கொஞ்சம். உங்களுக்கு மேலே இருப்பவர் ஓய்வு பெறும் நாளில் உங்களுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்னால் பிறந்திருந்தால் அந்த நாற்காலி தவறிவிடும், எல்லாத் தகுதியும் இருந்து மேஜர் ஜெனரலாகவே வீட்டுக்குப் போகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள். உச்சிக்கு வந்தவர்களும் பெரும்பாலும் இரண்டு வருடத்தைத் தாண்டி அங்கே உட்காருவதில்லை. கூடவே உடல்நலம். படைவீரர்களுக்கு மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம், போடுகிற டாக்டருக்கும் கேட்டகரி உண்டு. முதுகோ ரத்த அழுத்தமோ கேட்டகரியை இறக்கிவிட்டால் வாரியத்தின் முன் அதுவும் ஒரு குறிப்பாக நிற்கும்.

பதவியும் பெருமையும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு பெயர். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1941-ல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். கொரியப் போரில் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற போர்க்கள மருத்துவப் பிரிவின் தலைவராக இருந்து, 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து தன் மருத்துவக் குழுவையும் கூட்டிக்கொண்டு குதித்து, மகாவீர் சக்ரா வாங்கியவர். டைரக்டர் ஜெனரல் நாற்காலி வரை அவர் போகவில்லை. ஆனால் அந்தக் காலத்து டைரக்டர் ஜெனரல்கள் யார் என்று கேட்டால் உள்ளே இருக்கிறவர்களே விழிப்பார்கள், ரங்கராஜ் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் ஏன் வெளியே வந்தேன் என்று கேட்பீர்கள். பெரிய காரணம் இல்லை. குறுகியகால கமிஷன் ஐந்து வருடம், வேண்டுமானால் இன்னும் ஒன்பது வருடம் நீட்டலாம், நடுவில் நிரந்தர கமிஷனுக்கும் முயலலாம். நான் முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன், வீட்டில் அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுவது, ஃபீல்ட் போஸ்டிங்கில் குடும்பத்தைப் பிரிந்து இருப்பது, இதெல்லாம் சம்பள ஸ்லிப்பில் தெரியாத செலவு. உச்சிக்குப் போகிறவர்கள் இந்தச் செலவை முப்பது முப்பத்தைந்து வருடம் கட்டியவர்கள், அவர்களைவிட அதிகமாக அவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

கடைசியாக, உடனடியாகச் செய்ய வேண்டியது. ஏ.எஃப்.எம்.சி.யில் 150 இடம், அதில் பெண்களுக்கு 30. நீட் மதிப்பெண் மட்டும் போதாது, கூப்பிட்டால் புனேயில் ஆங்கிலமும் தர்க்கமும் சோதிக்கும் ஒரு தேர்வு, உளவியல் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருக்கும். படிப்பு முடிந்ததும் சர்வீஸ் கட்டாயம், எல்லாருக்கும் நிரந்தர கமிஷன் கிடைத்துவிடாது, ஒரு பகுதியினருக்குக் குறுகியகாலம்தான். நீட் முடிவு வந்ததும், மருத்துவக் கலந்தாய்வை நடத்தும் எம்.சி.சி. தளத்தில் பதிவு செய்யும்போது ஏ.எஃப்.எம்.சி.யையும் விருப்பமாகக் கொடுக்க வேண்டும். என் அக்கா மகள் நல்ல மதிப்பெண் வைத்திருந்தும், கல்லூரியே தேடிக் கூப்பிடும் என்று நினைத்து அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிட்டாள். உங்கள் மகள் பதிவு செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.