8 கிலோவாட் இன்வர்ட்டருக்கு ஒரே பேட்டரி போதுமா?

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் மூன்று படுக்கையறை கொண்ட சொந்த வீட்டில் இருக்கிறோம். பின்கட்டில் மூத்த மகனும் மருமகளும் தனியாகச் சமைத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு பெரிய ஃபிரீசர், ஓர் ஏசி, 150 லிட்டர் கீசர், மின்சார அடுப்பு, குழாயில் தண்ணீர் வராத நாள்களுக்காக வைத்த தொட்டியின் பம்பு ஆகியவை இருக்கின்றன. என் தாயாருக்கு இரவில் நெபுலைசர் தேவைப்படும். சோலார் ஹைபிரிட் இன்வர்ட்டருக்கு மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 5 கிலோவாட் என்கிறார், ஒருவர் 8, இன்னொருவர் 12. எட்டு என்றவர் 5 யூனிட் பேட்டரி ஒன்றே போதும் என்றும் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வீட்டுக்கு 8 கிலோவாட் சரியான அளவு. ஆனால் ஒரு பேட்டரி போதாது. குறைந்தது இரண்டு வேண்டும். மூன்று விலைப்பட்டியல்களிலும் கணக்கு எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு நான்காவது ஆள் வந்து வேறோர் எண்ணைச் சொன்னாலும் நீங்கள் குழம்ப மாட்டீர்கள்.

தகடு, பேட்டரி, நகராட்சி மின்சாரம் மூன்றையும் சேர்த்து நடத்துவது ஹைபிரிட் இன்வர்ட்டர். அதன் கிலோவாட் என்பது ஒரே நொடியில் அது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. பேட்டரியின் யூனிட் அந்தச் சுமையை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. கூரைத் தகடுகளோ ஒரு நாளில் எத்தனை யூனிட் ஈட்டித் தரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவை மூன்றும் தனித்தனிக் கணக்குகள். "மாதம் 900 யூனிட் செலவாகிறதா, அப்படியானால் 8 கிலோவாட்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் விற்பனையாளர் மூன்றாவது கணக்கையும் முதலாவதையும் போட்டுக் குழப்புகிறார். மாதக் கட்டணம் இன்வர்ட்டரின் அளவைச் சொல்லாது. அதைச் சொல்வது, மின்சாரம் போன அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் ஒன்றாக ஓடும் கருவிகளின் கூட்டுத்தொகை.

அந்தக் கூட்டுத்தொகையைப் போடுவதற்கு முன்னால் கீசரையும் மின்சார அடுப்பையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கீசரின் ஹீட்டர் பொதுவாக 3 கிலோவாட். 150 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும். அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்கும் சற்று அதிகம். 5 யூனிட் பேட்டரியை ஒரு குளியலுக்கே விழுங்கிவிடும் கருவியைப் பேட்டரியில் மாட்டுவது அறிவீனம். கீசரை இன்வர்ட்டர் காக்கும் பக்கத்தில் வைக்காமல் நகராட்சி மின்சாரத்தின் பக்கத்திலேயே விட்டு, டைமர் போட்டு, காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணிவரை மட்டும் ஓடச் செய்யுங்கள். மின்சாரம் வரும் இடத்தில், மின்னோட்டத்தை அளக்கும் சிடி சுருள் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தால், வெயிலில் மிஞ்சும் மின்சாரத்தை இன்வர்ட்டர் தானாகவே கீசருக்குத் தள்ளும். லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு வந்தால் கீசர் அணைந்துவிடும். தொட்டியில் உள்ள நீர் சூடாகத்தான் இருக்கும்.

மீதியை உங்கள் மாலை ஏழு மணியை வைத்துக் கணக்கிடுவோம். விளக்குகள், தொலைக்காட்சி, இணைய மோடம், ஃபிரிட்ஜ், ஃபிரீசர் எல்லாமாக அரை கிலோவாட். 12,000 பிடியு ஏசி முழுவீச்சில் ஓடும்போது 1.1. இது 1.6. மைக்ரோவேவின் முகப்பில் 900 வாட் என்று எழுதியிருந்தாலும் சுவரிலிருந்து அது இழுப்பது 1.4 கிலோவாட், மொத்தம் 3. கெட்டில் 2, மொத்தம் 5. அந்த நேரத்தில் யாராவது குளியலறைக் குழாயைத் திறந்தால் முக்கால் கிலோவாட் பம்பு ஓடத் தொடங்கி இன்னும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல் மூன்று முதல் ஆறு மடங்குவரை இழுக்கும். பின்கட்டின் ஃபிரிட்ஜும் விளக்கும் 0.3. ஆக, அங்கே கெட்டில் ஓடாமலே 6.4. அங்கேயும் ஒரு கெட்டில் போட்டால் 8.4.

இரண்டு கெட்டிலும் பம்பும் மைக்ரோவேவும் ஒரே நிமிடத்தில் சந்திப்பது அபூர்வம்; சந்தித்தாலும் ஓரளவு மிகைச் சுமையைச் சில விநாடிகள் தாங்கும்படியே நல்ல இன்வர்ட்டர்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே 8 போதும். இதே வீடு பின்கட்டு இல்லாமல் இருந்து, கெட்டிலுக்குப் பதிலாகக் காஸ் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொள்ள உங்கள் மனைவி சம்மதித்தால், 5 கிலோவாட்டே தாராளம் என்று எழுதியிருப்பேன். அந்தப் பழைய பழக்கம் பல ஆயிரம் ராண்டை மிச்சப்படுத்தும் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

பேட்டரிக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று விற்கப்படும் லித்தியம் பேட்டரியில் 5.12 யூனிட் அடங்கும். அதைத் தயாரித்தவர் எவ்வளவு ஆம்பியர் தொடர்ந்து எடுக்க அனுமதிக்கிறார் என்பதைத் தகவல் தாளில் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பேட்டரியை முழுவதும் காலிசெய்யும் வேகத்தை ஒரு சி என்பார்கள். அரை சி என்றால் 50 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 2.5 கிலோவாட், ஒரு சி என்றால் 100 ஆம்பியர், ஏறத்தாழ 5 கிலோவாட். இன்வர்ட்டர் எட்டு கிலோவாட் தர வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 156 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒரே பேட்டரியை மாட்டினால், எட்டு என்று முகப்பில் எழுதியிருக்கும் பெட்டி இரவில் ஐந்தாகவோ இரண்டரையாகவோ சுருங்கிவிடுகிறது. ஒரு சி பேட்டரி இரண்டு இருந்தால் 200 ஆம்பியர் கிடைக்கும்.

இப்படி ஒரு வீட்டுக்கு நான் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, சாமி அறையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்ததால் முழு இருட்டு இல்லை. மற்றபடி வீடே அணைந்திருந்தது. இன்வர்ட்டர் பழுது என்று நினைத்து வீட்டுக்காரர் அதைத் திருப்பித் தரக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஏசி ஓடும்போது அம்மா கெட்டிலைப் போட்டதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது என்றார். பேட்டரியின் பக்கவாட்டில் சிவப்பு விளக்கு நின்றிருந்தது. அரை சி பேட்டரியிடம் மூன்றரை கிலோவாட்டைக் கேட்டால், அதன் உள்ளே இருக்கும் காவல் சுற்று தன் கடமையைச் செய்து துண்டித்துக்கொள்கிறது. கருவியில் குறையில்லை, பொருத்தியவர் பொருத்தத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு பேட்டரி என்று நான் சொல்வதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. மாலை 6 மணிக்கும் மறுநாள் காலை 6 மணிக்கும் பிரீபெய்டு மீட்டரில் மிச்சமிருக்கும் யூனிட்டை ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். அந்த வாரம் இரவில் கீசரை அணைத்து வையுங்கள். வித்தியாசம்தான் உங்கள் இரவுத் தேவை. நீங்கள் எழுதிய கருவிகளுக்கு அது 8 முதல் 10 யூனிட்டுக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். 10.24 யூனிட் பேட்டரியில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்தினால் 9.2 கிடைக்கும், அதில் சிறிது இன்வர்ட்டரிலேயே இழப்பாகும். நோட்டுக் கணக்கு 10-ஐத் தாண்டினால் மூன்றாவது பேட்டரிக்குச் சுவரில் இடம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். இப்போதே வாங்க வேண்டாம்.

லோட்ஷெடிங் எவ்வளவு நேரம் என்பதும் பேட்டரிக் கணக்கில் சேரும். 2023-இல் வெட்டின் கடுமை ஆறாம் கட்டம்வரை போய் நாளுக்குப் பலமுறை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதங்கள் வெட்டே இல்லாமல் கழிந்து, 2025 ஜனவரி கடைசியில் மீண்டும் தலைகாட்டியது. இன்று வாங்குபவர் வெட்டுக்காக மட்டுமன்றிக் கட்டணத்தைக் குறைக்கவும் வாங்குகிறார் என்பதால், மிகப் பெரிய பேட்டரியைவிடக் கூரையில் போதிய தகடுகள் இருப்பதே பணத்தைத் திருப்பித் தரும்.

550 வாட் தகடுகள் 12 போட்டால் 6.6 கிலோவாட். டர்பனில் ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் எதிர்பார்க்கலாம். ஆக 26 யூனிட். கோடையில் மழைமேகமும் புழுக்கமும் சேர்ந்து இதைக் குறைக்கும். ஜூன், ஜூலையில் பகல் குறுகினாலும் வானம் தெளிந்திருக்கும். தகடுகள் வடக்கு நோக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளில் தெற்கே திருப்பச் சொல்வார்கள். அது அவர்கள் வீட்டுக்குச் சரி, பூமத்தியரேகைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு நேர் எதிர். இந்தத் தகடுகளின் திறந்த மின்னழுத்தம், அதாவது சுமை எதுவும் இல்லாதபோது இருக்கும் மின்னழுத்தம், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 50 வோல்ட். குளிரில் இன்னும் கொஞ்சம் ஏறும். இன்வர்ட்டரின் தகட்டு உள்ளீடு 500 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்றால், 12 தகடுகளையும் ஒரே வரிசையில் கோர்ப்பது அதைக் கொல்வதற்குச் சமம். ஆறு ஆறாக இரண்டு வரிசை போடச் சொல்லுங்கள்.

12 கிலோவாட்டை நான் ஒதுக்குவதற்குக் காரணம் விலை மட்டுமன்று. ஹைபிரிட் இன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதே 50 முதல் 100 வாட் தின்னும். பெரிய கருவி பொதுவாகக் கூடுதலாகத் தின்னும். 100 வாட் என்றால் நாளுக்கு 2.4 யூனிட் காற்றோடு போகிறது. 12 கிலோவாட்டுக்கு ஈடுகொடுக்க 230 ஆம்பியருக்கு மேல் தரும் பேட்டரித் தொகுப்பும் வேண்டும். தவிர, உங்கள் இணைப்பின் அளவைப் பொறுத்து எவ்வளவு பெரிய இன்வர்ட்டரை இணைக்கலாம் என்பதற்கு நகராட்சி வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சியில் பதிவுக்கான விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது. கருவி, நகராட்சி மின்சாரத்தோடு இணைப்பதற்கான என்ஆர்எஸ் 097-2-1 தரத்துக்குச் சோதிக்கப்பட்டதா என்பதை அங்கே கேட்பார்கள். வேலை முடிந்ததும் புதிய மின்பாதுகாப்புச் சான்றிதழான சிஓசி கையில் வர வேண்டும். நெருப்புப் பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதம் அதுதான். வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்: வீட்டுத் தகடுகளின் விலையில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 15,000 ராண்ட் என்றிருந்த சலுகை 2024 பிப்ரவரி 29-உடன் முடிந்தது, இன்வர்ட்டருக்கும் பேட்டரிக்கும் அது அப்போதும் கிடையாது.

விலைப்பட்டியலில் கேவிஏ என்று எழுதியிருந்தால் கிலோவாட்டில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய வகைக் கருவிகளில் 5 கேவிஏ என்பது 4 கிலோவாட்டாகவே இருக்கும். நெபுலைசர் நூற்றுச் சொச்சம் வாட்தான் கேட்கும், ஆனாலும் தாயாரின் அறைச் செருகியும் இன்வர்ட்டர் காக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்பதை மின்பகிர்வுப் பெட்டியான டிபி போர்டைத் திறந்துவைத்தே உறுதிசெய்யுங்கள். சமையலறையில் ஒரு செருகியை மட்டும் நகராட்சிப் பக்கத்திலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் ஐம்பது பேருக்குத் தேநீர் கொதிக்கும் அர்ன் என்ற பெரிய மின்கொதிகலத்தை அதில் மாட்டலாம். ஆண்டுக்கு ஒரு நாளுக்காக இன்வர்ட்டரைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், பொருத்தியவரை மாலையில், வெயில் இறங்கிய பிறகு வரச் சொல்லுங்கள். அவர் முன்னாலேயே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏசி, மைக்ரோவேவ், கெட்டில் மூன்றையும் ஓடவிட்டு, பம்பு தொடங்கும்படி குழாயைத் திறந்து, பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.